பன்னிரண்டாவது கேள்வி

மாட்டுங்காவில் ஒரு பாத்திரக் கடையின் கணக்குகளை முடித்துவிட்டு மாலை ஆறு மணிக்கு வெளியே வரும் அந்தப் பெண்ணின் கைப்பையில் ஒரு கறுப்பு பெல்ட் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. வயது 39. வீடு தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். ஆறரை மணிக்கு சமாஜ் மந்திர் ஹாலில் முப்பது பெண் பிள்ளைகள் அவருக்காகக் காத்திருப்பார்கள். வாரம் மூன்று நாள் கராத்தே வகுப்பு. மாதக் கட்டணம் ரூ. 200. தர முடியாதவர்கள் தருவதில்லை. அவர் கேட்பதும் இல்லை.

இதுவரை அவர் எடுத்த நீண்ட விடுமுறைகள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கம்தான். கோயில் கொடை, கல்யாணம், சாவு. இப்போது முதல் முறையாகத் தனக்கென்று ஒரு விடுமுறைக்குத் திட்டம் போட்டிருக்கிறார். அடுத்த பிப்ரவரியில் இரண்டு வாரம், ஜப்பானின் தெற்கே ஒகினாவா தீவில், கராத்தே கற்க.

செய்தியைக் கேட்ட அம்மாவுக்கு ஒரே சந்தேகம். "ஏட்டி, துட்டு குடுத்து அடி வாங்குததுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? இங்கன அடிக்க ஆளா இல்ல?"

கேலியாகச் சொன்னாலும் கேள்வி நியாயமானது. இருபது ஆண்டுகளாகக் கற்று, பன்னிரண்டு ஆண்டுகளாகக் கற்பிக்கும் ஒருவர், இந்த வயதில் எதற்காகக் கடல் கடந்து போய் மாணவியாக நிற்க வேண்டும்?

பதில் செம்பூரில் ஒரு வீட்டில் இருந்தது. அவருக்குக் கராத்தே கற்றுத்தந்த மாஸ்டர் அங்கேதான் வாழ்ந்தார். 1973இல் வந்த 'என்டர் தி டிராகன்' படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அதன் பிறகு ஆசானைத் தேடிப் போன தலைமுறை. வாழ்நாள் முழுவதும் அவர் சொல்லிக்கொண்டிருந்த ஊர் ஒகினாவா. சேர்த்த பணம் ஒரு முறை மகளின் கல்யாணத்துக்குப் போனது. இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனது. 2021 ஏப்ரலில், கோவிட் இரண்டாம் அலையில் அவரும் போய்விட்டார். பாஸ்போர்ட் மட்டும் இருந்தது. அதில் ஒரு முத்திரைகூட இல்லை.

துக்கம் விசாரிக்கக்கூடப் போக முடியாத நாட்கள் அவை. சில மாதங்கள் கழித்துப் போனபோது, மாஸ்டரின் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். "இது உனக்குத்தான் உபயோகப்படும்மா." கடைசிப் பக்கத்தில், ஒகினாவா போனால் கேட்க வேண்டியவை என்று தலைப்பிட்டு, வரிசை எண் போட்டுப் பதினொரு கேள்விகள்.

பெரும்பாலானவை சான்சின் பற்றியவை. கராத்தேயில் கற்பனை எதிரியோடு வரிசைக்கிரமமாகச் செய்யும் பயிற்சிக்குக் கட்டா என்று பெயர். மாஸ்டர் கற்பித்த கோஜு ரியு பிரிவில் சான்சின்தான் அடித்தளம். பார்க்க ஒன்றுமே இல்லாத கட்டா அது. மெதுவாக மூன்று அடி வைக்க வேண்டும். மூச்சை இழுத்து, கையை நீட்டி, உடம்பை இறுக்கி, விட வேண்டும். ஆனால் எவ்வளவு இறுக்குவது, மூச்சில் எவ்வளவு சத்தம், பாதம் எவ்வளவு உள்ளே திரும்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாஸ்டரின் கேள்விகளில் சிலவற்றுக்கு விடை காண விமானம் ஏற வேண்டியிருக்கவில்லை. உதாரணமாக, மூன்றாவது கேள்வி: "சான்சினில் திரும்ப வேண்டுமா, கூடாதா?" அவர் கற்றது திரும்பிச் செய்யும் முறை. பின்னர் பார்த்த ஒரு வீடியோவில் திரும்பாமல் பின்னோக்கி நடந்தார்கள். எது சரி என்று அவர் பல ஆண்டுகள் குழம்பியிருக்க வேண்டும். இரண்டும் சரி. திரும்பும் முறை, நாஹா நகரத்து ஆசான் ஹிகாவோன்னா கான்ரியோவின் வழி வந்தது. திரும்பாத முறையை அமைத்தவர் அவருடைய மாணவரும் கோஜு ரியுவின் நிறுவனருமான மியாகி சோஜுன் (1888-1953). பல டோஜோக்களில் இரண்டையும் கற்பிக்கிறார்கள்.

இப்படித் தேடும்போது அவருக்கு இன்னொன்றும் தெரிய வந்தது. கராத்தேயே பயணத்தில் பிறந்த கலைதான். ஹிகாவோன்னா 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறிச் சீனாவின் ஃபூஜோ நகருக்குப் போய், அங்கே தங்கிக் கற்றுத் திரும்பியவர். 1915இல் மியாகியும் அதே ஊருக்குப் போனார், தன் ஆசானின் ஆசானைத் தேடி. அவரைச் சந்திக்க மியாகிக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆசான் விட்டுப்போன கேள்விகளோடு கடல் கடந்த முதல் ஆள், தாராவிக்காரர் அல்ல.

நோட்டிலிருந்த பதினொன்றில் ஏழுக்கு இப்படிப் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் விடை கிடைத்துவிட்டது. மீதி நாலும் வீடியோவில் தீராதவை. சான்சின் செய்யும் மாணவரின் தோளிலும் முதுகிலும் தொடையிலும் ஆசான் கையால் தட்டிப் பார்ப்பார். இறுக்கம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று அந்தக் கைக்குத்தான் தெரியும். கேமராவுக்குக் கை கிடையாது. மாஸ்டர் போன பிறகு அவருடைய தோளை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. நினைவிலிருந்துதான் கற்பிக்கிறார்.

பன்னிரண்டாவது கேள்வியை அவரே எழுதிச் சேர்த்தார். சென்ற ஆண்டு, வகுப்பில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி முழங்கால் வலி என்றாள். சான்சின் நிலையில் பாதங்கள் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். அவள் கால் மட்டும் திரும்புகிறதா, முழங்காலையும் சேர்த்து முறுக்குகிறாளா? முறுக்கினால் அந்தத் தவறு யாருடையது? டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். நிற்கும் முறை பற்றிச் சொல்ல வேண்டியது டாக்டர் அல்ல. அன்றைக்கே சிறுமிகளுக்கு அந்த நிலையில் நீண்ட நேரப் பயிற்சி தருவதை அவர் நிறுத்திவிட்டார். அன்று இரவு நோட்டில் எழுதினார்: "நான் நிற்கக் கற்றுக்கொடுப்பது சரியா?"

பயணத் திட்டம் உண்மையில் அன்றுதான் தொடங்கியது.

யோசனை சொல்ல ஆள் பஞ்சமில்லை. 'ஏழாம் அறிவு' பார்த்ததிலிருந்து போதிதர்மர் பக்தராகிவிட்ட கொழுந்தன், "அண்ணி, போறதுன்னா சீனாவுல ஷாவோலின் போங்க. நம்ம காஞ்சிபுரத்து ஆளு கத்துக்குடுத்த எடம்" என்றார். போதிதர்மர் அங்கே சண்டைக் கலை கற்பித்தார் என்பதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது, அது மிகப் பின்னால் வந்த கதை என்று அறிஞர்கள் சொல்வதைக் கொழுந்தன் ஏற்பதாக இல்லை. கடை முதலாளியின் மகன் தாய்லாந்து என்றார். 2023 நவம்பரில் அந்நாடு இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தது. 2024இல் கொண்டுவந்த நீண்டகால விசாவுக்கு மூய் தாய் பயிற்சியையும் ஒரு காரணமாக ஏற்றது. டிக்கெட்டும் மலிவு. எல்லாம் உண்மைதான். ஆனால் மூய் தாய் வேறு கலை. சான்சினைப் பற்றிய கேள்வியை அங்கே யாரிடம் கேட்பது?

பயிற்சி விடுமுறை போகிறவர்கள் பலர் முதலில் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு ஆசானைத் தேடுகிறார்கள். இரண்டு வாரத்தில் சான்றிதழும் பெல்ட்டும் தருவதாக அழைக்கும் விளம்பரங்களும் உண்டு. அவர் தலைகீழாகச் செய்தார். முதலில் கேள்வி, பிறகு பிரிவு, பிறகு ஆசான், கடைசியில் ஊர். 2017இல் டோமிகுஸ்கு நகரில் திறக்கப்பட்ட ஒகினாவா கராத்தே கைகானில் இயங்கும் தகவல் மையம், வெளிநாட்டவருக்கு டோஜோக்களை அறிமுகம் செய்துவைக்கிறது. அதற்கு எழுதிய மடலில் நாலே விவரங்கள் தந்தார்: கற்ற பிரிவு, கற்ற ஆண்டுகள், ஆசான் காலமானது, வரும் காரணம். பட்டம் வேண்டாம், திருத்தம் வேண்டும் என்று கடைசி வரியில் எழுதினார்.

எப்போது போவது என்பது அடுத்த சிக்கல். பிள்ளைகளுக்கு விடுமுறை மே மாதம். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானில் தொடர் விடுமுறை. அறை வாடகை ஏறிவிடும். அதை அடுத்து ஒகினாவாவில் மழைக்காலம். ஆகஸ்ட், செப்டம்பர் புயல் மாதங்கள். தீபாவளி சமயத்தில் பாத்திரக் கடையில் லீவு கேட்பது வேலையை விடுவதற்குச் சமம். ஜனவரியில் தொண்ணூறு அடி ரோட்டுப் பொங்கலை விட்டுவிட்டுப் போக அம்மா சம்மதிக்க மாட்டார். மார்ச்சில் கணக்கு முடிக்க வேண்டும். கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சியது பிப்ரவரி. பரீட்சை நெருங்குவதால் வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் குறைவு.

கணக்கு எழுதும் கை என்பதால் பட்ஜெட் ஒரே பக்கத்தில் முடிந்தது. மும்பையிலிருந்து நாஹாவுக்கு நேரடி விமானம் இல்லை. வழியில் மாறிப் போக டிக்கெட் ரூ. 60,000. தங்க 14 நாளுக்கு ரூ. 35,000. சாப்பாடும் பஸ்ஸும் ரூ. 21,000. பயிற்சிக் கட்டணம் ரூ. 12,000. விசா, காப்பீடு, இதர செலவு ரூ. 7,000. மொத்தம் ரூ. 1,35,000. ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு ஒன்று முடிகிறது. அது மகளின் கல்லூரிக்கென்று போட்ட சீட்டு. மகளுக்குப் பத்தாம் வகுப்பு. இரண்டு ஆண்டில் திரும்பக் கட்டிவிடலாம் என்பது பக்கத்தின் அடியில் பென்சிலில் எழுதிய குறிப்பு. மற்ற எல்லாம் பேனாவில் இருக்கின்றன.

காகிதங்கள் வேறு. பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் ரூ. 1,500தான். ஆனால் தாராவிச் சந்தின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி. அதைச் சரிசெய்யவே இரண்டு மாதம். விசாவுக்கு வங்கிக் கணக்கோடு வருமான வரி தாக்கல் செய்த சான்றும் தேவை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாததால் அவர் தாக்கல் செய்ததே இல்லை. வரி இல்லாதவர்களும் தாக்கல் செய்யலாம் என்பதை, பத்து ஆண்டுகளாக முதலாளிக்குத் தாக்கல் செய்துவரும் இவர் தனக்கென்று யோசித்ததில்லை. இப்போது செய்துவிட்டார்.

இடையில் பயிற்சியும் நடக்கிறது. ஒகினாவாவில் பிடி வலுப்பட, வாய் குறுகிய ஜாடிகளை விரல் நுனியால் கவ்விக்கொண்டு நடப்பார்கள். அதில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். படத்தைக் காட்டி, கும்பார்வாடாவில் ஒரு குஜராத்திக் குயவரிடம் இரண்டு ஜாடிகள் சொல்லிச் செய்து வாங்கினார். எதற்கு என்று கேட்ட குயவர், விளக்கத்தைக் கேட்டு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, விளிம்பை இன்னும் கொஞ்சம் தடிமனாக்கித் தந்தாராம்.

அம்மாவின் பயம் வீட்டைப் பற்றியது. மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து தாராவியில் கதவுக்குக் கதவு எண் எழுதினார்கள். "காயிதம் கேட்டு வாரவன் நீ இல்லாத நேரமா வந்து நின்னா?" காகிதங்கள் எல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று அம்மாவுக்கும் மகளுக்கும் காட்டிக் கொடுத்தாகிவிட்டது.

கணவர் தோல் பட்டறையில் வேலை செய்கிறார். அதிகம் பேசாதவர். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்: "அங்க எல்லாமே தப்புன்னு சொல்லிட்டா என்ன செய்வ?"

இரண்டு நாள் அவரிடம் பதில் இல்லை. பாராட்டு வாங்கப் போகிறவருக்கு இந்தப் பயம் கிடையாது. முப்பது பிள்ளைகளுக்குக் கற்பித்ததைக் கொண்டுபோய் இன்னொருவர் முன்னால் வைக்கப் போகிறவருக்கு உண்டு. தப்பு என்றால் அது அவருடைய தப்பு மட்டும் அல்ல, செம்பூர் மாஸ்டருடையதும்கூட. மூன்றாம் நாள் கணவரிடம் சொன்னார்: "தப்புன்னா அவரும் தெரிஞ்சுக்கத்தான் ஆசைப்பட்டாரு. நோட்டுல அவர் கையாலயே எழுதியிருக்கு."

அந்த வாரம் வகுப்பில் பிள்ளைகளிடமும் விஷயத்தைச் சொன்னார். பிப்ரவரியில் இரண்டு வாரம் வகுப்பு இல்லை, திரும்பி வந்து சிலவற்றை மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜப்பானிலிருந்து என்ன கொண்டுவருவீர்கள் என்று கேட்டார்கள். சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்களுக்கு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்த முழங்கால் வலிக்காரச் சிறுமி மட்டும் கைதட்டவில்லை.

"அப்ப நான் நின்னது தப்பா, அக்கா?"

"தெரியலை. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றார் அவர்.