தீர்வை ஏற்படாத தரிசு

ஆறு வருஷங்களாக ஒரு விண்வெளிக் கதைத் தொடர் எழுதி வருகிறேன். ஒன்பது கதைகள் முடிந்திருக்கின்றன. பத்தாவது பாதியில் நிற்கிறது. இந்தப் பக்கங்களை வாசிக்கிற நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: கவிதை எழுதிக்கொண்டிருந்தவன் எதற்காக ராக்கெட்டில் ஏறினாய்? கேள்வியில் கொஞ்சம் இளக்காரம் இருக்கிறது. இருக்கட்டும். தொடரில் நான் எடுத்த முடிவுகளைச் சொல்லிக்கொண்டு போனால் அதுவே பதிலாகிவிடும் என்று படுகிறது.

'ஸ்பேஸ் ஆபெரா' என்ற பெயர் வசவாகப் பிறந்தது. ரேடியோவில் வந்துகொண்டிருந்த ஸோப் ஆபெராக்களை மனசில் வைத்து, அரைத்த மாவையே அரைக்கும் ராக்கெட் கதைகளுக்கு 1941ல் வில்சன் டக்கர் என்ற அமெரிக்கர் வைத்த பெயர் அது. 1928லேயே ஈ.ஈ. ஸ்மித்தின் 'ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்' அமேஸிங் ஸ்டோரீஸ் பத்திரிகையில் வந்து அந்த வகைக்கு அச்சு வார்த்துவிட்டிருந்தது. அஸிமோவ் 1942ல் 'ஃபவுண்டேஷன்' கதைகளை ஆரம்பித்தபோது, ரோமாபுரியின் வீழ்ச்சி பற்றிய கிப்பனின் சரித்திரத்தை நட்சத்திரங்களுக்கிடையில் கொண்டுபோய் வைத்தார். ஆக, இந்த வகையின் எலும்புக்கூடு சரித்திர நாவல்தான்.

அந்த எலும்புக்கூடு நமக்குப் புதிதல்ல. 1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தபோதே தமிழ் வாசகன் ஆபெராவுக்குப் பழகிவிட்டான். ராக்கெட்டுக்குப் பதில் குதிரை. ஆகவே தமிழில் விண்வெளிக் கதை எழுத உட்காருகிறவன் முன்னால் சுலபமான வழி ஒன்று எப்போதும் திறந்து கிடக்கிறது. ராஜேந்திரனின் 1025ஆம் வருஷத்துக் கடாரப் படையெடுப்பை எடுத்து, நாவாய்களின் வாலில் நெருப்பு வைத்து, வானத்தில் விட்டுவிடலாம். புலிக்கொடி பறக்க அங்கே காற்று இல்லை என்பது ஒன்றுதான் இடைஞ்சல். என் முதல் முடிவு இந்த வழியை அடைப்பது. என் தொடரில் அரசன் இல்லை. யுத்தம் இல்லை. ஒரு கப்பல் இருக்கிறது, அது கிரகங்களில் இறங்குகிறது. அவ்வளவுதான்.

இறங்குவது என்ற காரியமே எனக்கு விஷயமாகப் பட்டது. அதற்குக் காரணம் நான் இருக்கும் இடம்.

தேர்வாய் கண்டிகை, திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி தாலுகாவில் இருக்கிற கிராமம். ஊர் மாடுகள் மேய்ந்த நிலத்திலும் காட்டிலும் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒரு தொழிற்பேட்டை வந்தது. 2009ல் டயர் ஆலை ஒன்றுக்கு ஒப்பந்தமாயிற்று. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 2012ல் புகார் பிரான்ஸ் வரை போயிற்று. ஆலைகள் எழும்பின. பிறகு கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் சேர்த்துக் கரை கட்டி, 2020 நவம்பரில் ஒரு நீர்த்தேக்கமாகத் திறந்தார்கள். 500 மில்லியன் கன அடி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கத்துக்குப் பிறகு சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்தாவது நீர்த்தேக்கம் அது. டயரும் தண்ணீரும் இங்கிருந்து கிளம்பி வெளியே போகின்றன.

இன்னொன்றும் கிளம்பிப் போகிறது. எங்களுக்கு வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் போயிற்று. 1980 ஜூலை 18ல் எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. அந்தத் தீவின் காட்டில் கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்த யானாதிகள், ஏவுதளம் வந்தபோது இடம் பெயர நேர்ந்தது. 2023 ஜூலை 14ல் சந்திரயான்-3 கிளம்பிய மத்தியானம் மொட்டை மாடியில் ஏறி நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். கைதட்டியது உண்மை. யானாதிகளும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கத் தெரிந்த உருவம் எது என்று தேடினேன். கவிதையில் எனக்கு அது கைகூடவில்லை. கவிதை ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்றதைக் கைவிடச் சொல்லிற்று. ஸ்பேஸ் ஆபெராவுக்கு இடம் அதிகம். கப்பலும் வரலாம், கப்பல் இறங்குகிற நிலமும் வரலாம்.

இந்த வகைக் கதைகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. கப்பல் போய் இறங்கும் கிரகம் காலியாக இருக்கும். புல் இருக்கும், ஆறு இருக்கும், இரண்டு சந்திரன்கள் இருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டான். முதல் கதை எழுதும் முன்பு அதை என் அம்மாவிடம் சொன்னேன். மாடு வைத்திருந்தவள், மேய்ச்சல் நிலம் போனபிறகு ஒவ்வொன்றாக விற்றவள். கேட்டுவிட்டு, "அங்க தண்ணி இருக்குதா?" என்றாள். இருக்கிறது என்றேன். "புல்லு?" அதுவும் இருக்கிறது. "அப்ப ஆளு இருப்பாங்கடா. நீ சரியா பாக்கல."

தொடரின் இலக்கணம் முழுவதும் இந்த வாக்கியத்தில் இருக்கிறது. ரெவின்யூ கணக்கில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை உண்டு. 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இன்னொரு வகை. தீர்வை என்பது வரி. ஒரு நிலத்துக்கு யாரும் வரி கட்டவில்லை என்றால் கணக்குப் புத்தகத்துக்கு அந்த நிலத்தில் யாரும் இல்லை. மாடு வரி கட்டாது. சுள்ளி பொறுக்குகிறவளும் கட்டுவதில்லை. விண்வெளிக் கதையின் காலிக் கிரகமும் இந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்துதான் பிறக்கிறது என்று எனக்குத் தோன்றியது. என் கப்பலில் போகிறவர்கள் ஒவ்வொரு கிரகத்தையும் சர்வே எண் போட்டு, தீர்வை ஏற்படாத தரிசு என்று பதிகிறார்கள். கதை அந்தப் பதிவுக்கு அடுத்த வரியில் ஆரம்பிக்கிறது.

ஆர்தர் ஸி. கிளார்க்கை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 1979ல் வந்த 'ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில், வானத்துக்கு ஏறும் மின்தூக்கியை நிறுத்தப் பூமத்திய ரேகையில் மலை வேண்டும் என்பதற்காக, இலங்கையையே தெற்கே நகர்த்தித் தாப்ரபேன் என்று பெயர் வைத்தார். அந்த மலையில் ஒரு புத்த மடம் இருக்கிறது. துறவிகள் போக மறுக்கிறார்கள். ஓர் ஐதீகப்படி வண்ணத்துப்பூச்சிகள் சிகரத்தை எட்டியதும் அவர்களே இறங்கிவிடுகிறார்கள். மலையில் ஏற்கனவே ஆள் இருக்கிறான் என்று பார்த்த கண் கிளார்க்குடையது. அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் எங்கள் ஊருக்கு வண்ணத்துப்பூச்சி வரவில்லை, சர்வேயர்தான் வந்தார். என் கதைகளில் ஐதீகம் யாரையும் காலி செய்யாது என்பது இரண்டாவது முடிவு.

மூன்றாவது, வேகம். உர்சுலா லெ குவின் 1966ல் 'ஆன்ஸிபிள்' என்று ஒரு கருவியைக் கற்பனை செய்தார். எத்தனை ஒளிவருஷ தூரமானாலும் செய்தி உடனே போய்ச் சேரும். பின்னால் வந்த பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. பழவேற்காட்டுக் கரையில் நிற்கிறவனுக்கு ராக்கெட்டின் நெருப்பு முதலில் தெரியும். உறுமல் வர ஒரு நிமிஷத்துக்கு மேலாகும். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிகக் கிட்டத்திலுள்ள நட்சத்திரத்திலிருந்து ஒளி வரவே நாலு வருஷத்துக்கு மேல். என் நாலாவது கதையில் ஒரு கிரகத்து ஜனங்கள் தலைநகருக்கு மனுக் கொடுக்கிறார்கள். மனு போய்ச் சேர ஒன்பது வருஷம், உத்தரவு திரும்பி வர ஒன்பது வருஷம். உத்தரவு அவர்களுக்குச் சாதகமானது. அது வந்தபோது அவர்கள் அங்கே இல்லை. கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் திங்கட்கிழமை உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒளியின் வேகத்தை விளக்க வேண்டிய அவசியமில்லை.

நாலாவது, பாஷை. தமிழ்க் கதையில் மேலே இருப்பவன் எழுத்துத் தமிழும், கீழே இருப்பவன் கொச்சையும் பேசுவது வழக்கம். என் தொடரில் எல்லாரும் எங்கள் பக்கத்துத் தமிழே பேசுகிறார்கள். தெலுங்கு கலந்து வரும். உத்தரவுகள் மட்டும் ஆபீஸ் தமிழில். கலைச்சொற்களையும் ஏரியிலிருந்தே எடுத்தேன். கப்பலின் கழிவு வாயில் கலங்கல். எரிபொருள் திறப்பது மதகு. மதகு என்றால் அதைத் திறக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஒரு முறை வேண்டும் என்பதெல்லாம் சொல்லோடு கூடவே வந்துவிடுகிறது.

கதையை யார் சொல்வது என்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான முடிவு. நிலத்தை இழந்தவன் சொன்னால் ஒப்பாரி ஆகிவிடும். அதை வாசித்து அழுதுவிட்டு வாசகன் சௌகரியமாகத் தூங்கப் போவான். கப்பலின் தலைவன் சொன்னால் மறுபடி ஸ்மித். ஒன்பது கதைகளையும் கப்பலில் கூலி வேலை பார்க்கிறவன் சொல்கிறான். அவனுடைய தாயின் மேய்ச்சல் நிலத்தில்தான் அந்தக் கப்பலையே கட்டினார்கள். அவன் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. நானும் இந்தத் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். இந்தக் காகிதம் அந்தச் சம்பளத்தில் வாங்கியது. அவனுக்குக் கப்பலைப் பிடிக்கும். இயந்திரம் சீராக ஓடும் சத்தம் அவனுக்குச் சங்கீதம். இதை மறைத்துவிட்டு அவனைக் கலகக்காரனாக்கினால் கைதட்டல் கிடைக்கும், கதை செத்துவிடும்.

பத்தாவது கதை நின்றிருப்பதும் அதனால்தான். கப்பல் புது கிரகம் ஒன்றின் மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழே புல், தண்ணீர். பதிவுப் புத்தகம் அவன் கையில். அவன் என்ன எழுதவேண்டும் என்று நண்பர்கள் இரு விதமாகவும் சொல்லிவிட்டார்கள்: தரிசு என்று எழுதட்டும், அதுதான் யதார்த்தம், எழுத மறுக்கட்டும், அதுதான் இலக்கியம். இரண்டுமே அவனுக்குத் தெரியாத ஆட்கள் சொல்கிற யோசனை. மறுத்தால் வேலை போகும், இன்னொருவன் எழுதுவான். எழுதினால் அம்மா கேட்பாள்.

இப்போதைக்கு அவனைக் கீழே இறக்கி நடக்க விட்டிருக்கிறேன். புல்லுக்குள் ஒற்றையடிப்பாதை ஒன்று போகிறது. பாதை தானாக உண்டாவதில்லை என்று அவனுக்குத் தெரியும். அதன் முடிவில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு அவன் எழுதட்டும்.