ஏற்காடு மலையில் 1972 அம்பாசடர்: பிளாக்கை வெட்டலாமா, வேண்டாமா?

ஏற்காட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எஞ்சின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டே போனது இதுதான் முதல் முறை.

காரணம், பெரியப்பாவின் 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2. தாத்தா வாங்கிய கார். சில மாதங்களாக இழுவை குறைந்துவிட்டது. சேலத்தில் பழைய கார்களைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் சோதித்துவிட்டு, "சார், வால்வு சீட் உள்ளே இறங்கிடுச்சு. ஹெட்டை எப்படியும் கழட்டணும். அப்படியே பெரிய வால்வா போட்டுட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும். என்ன, பிளாக்கைக் கொஞ்சம் வெட்டணும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை பெரியப்பாவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. "ஒரு தடவை ஏற்காடு ஏறி இறங்குவோம் தம்பி. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டார். பின் சீட்டில் நான்.

கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் பெரியப்பா ஸ்டீயரிங் கியரை இரண்டாவதுக்கு மாற்றினார். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால், 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ 1,500 மீட்டருக்கு மேல். ஏற ஏறக் காற்று மெலிகிறது. மேலே போகும்போது, சேலத்தில் எஞ்சின் இழுத்த காற்றில் சுமார் பத்து சதவிகிதம் குறைந்துவிடும். காற்று குறைந்தால் சக்தியும் குறையும்.

"அதுக்குத்தான் பெரிய வால்வு. வாசல் பெருசானா காத்தும் நிறைய வரும்ல?" என்றார் மெக்கானிக் அண்ணன்.

"அதுக்கு எதுக்குண்ணா பிளாக்கை வெட்டணும்?" என்று கேட்டேன்.

அறுபது அடி பாலத்துக்கு அருகே எஞ்சினை ஆறவைக்க நிறுத்தியபோது, என் நோட்டில் படம் போட்டே காட்டினார். தொடக்கக்கால அம்பாசடர்களில் வால்வுகள் பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. பிறகு வந்த 1489 சி.சி. எஞ்சினில் அவை மேலே ஹெட்டுக்குப் போய்விட்டன. இதில் சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர். அந்த வட்டத்துக்குள் இரண்டு வால்வுகள் அடங்க வேண்டும். பெரிய வால்வு போட்டால் அதன் ஓரம் வட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொள்ளும். கீழே திறக்கும்போது பிளாக்கின் விளிம்பில் போய் இடிக்கும். இடிக்காமல் இருக்க, விளிம்பில் பிறை வடிவத்தில் இரும்பைச் செதுக்கி எடுக்க வேண்டும்.

பிறை கொஞ்சம் ஆழமாகிவிட்டால் பிஸ்டனின் மேல் ரிங் ஓடும் இடம் வரை போய், அழுத்தம் கசியும். அகலமானால் ஹெட் கேஸ்கட் உட்கார இடம் இருக்காது. "எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது தம்பி" என்றார், யோசனை சொன்ன அவரே!

சென்னைக்கு அருகே சோழவரம் ஓடுதளத்தில் கார் பந்தயங்கள் நடந்த காலத்தில், எஞ்சின்களை இப்படிக் குடைந்து மாற்றித்தான் வேகம் கூட்டினார்கள். பந்தயத்துக்கு அது சரி. மலைக்கு?

மீண்டும் ஏறத் தொடங்கினோம். வளைவுக்கு வளைவு, குரங்குகள் எங்களைப் பொறுமையாக வேடிக்கை பார்த்தன. அவ்வளவு மெதுவாகத்தான் போனோம்! பதில் அதில்தான் இருந்தது. பெரிய வால்வின் பலன், எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் முழுசாகக் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது. அப்போது வாசல் பெரிதாக இருந்தால் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோலோடு சரியாகக் கலக்காது. இழுவை கூடுவதற்குப் பதில் குறையவும் செய்யலாம். போதாததற்கு, இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் காற்று நுழையும் வழி இரண்டுதான். தெரு குறுகலாக இருக்கும்போது வீட்டு வாசலை மட்டும் அகலப்படுத்தி என்ன பயன்?

உண்மையான கோளாறு வேறு. அந்தக் கால பெட்ரோலில் ஈயம் இருந்தது. வால்வு சீட் தேயாமல் அது காத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். சுற்றுச்சூழலுக்கும் குழந்தைகளுக்கும் நல்ல முடிவு. ஆனால், பழைய இரும்பு ஹெட்டில் சீட் மெள்ளத் தேய்ந்து உள்ளே இறங்குகிறது. ஹெட்டில் மட்டும் கடைசல் செய்து, கடினமான உலோக சீட் பொருத்தினால் போதும். பிளாக்கைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. 50 வயதைத் தாண்டிய வாகனங்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும், எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பெரியப்பாவின் கார் அந்த வயதைத் தாண்டிவிட்டது.

ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றி, ஏரியைக் கடந்து, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த காபித் தோட்டங்கள் வழியாகச் சேர்வராயன் கோயில் வரை போனோம். குகைக்குள் குனிந்து போய் சாமி கும்பிட்டுவிட்டு வந்த பெரியப்பா, சூடு ஆறாத பானெட்டில் கை வைத்தார்.

"தம்பி, வால்வு அதே சைஸ். சீட் மட்டும் புதுசு. ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணிடு. பிளாக் அப்பா வாங்கினப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்."

"நானும் அதைத்தான் சார் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் மெக்கானிக். மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

பழைய காரில் ஏற்காடு போகிறீர்களா? காலை வெயிலுக்கு முன் ஏறுங்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள். இறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நாங்களும் அப்படித்தான் இறங்கினோம், இருபது வளைவுகளும் இரண்டாவது கியரில்.