மறையாத எழுத்துகள்

திரிங்காப்பில் உள்ள என் பெற்றோர் வீட்டில் பித்தளை நெடுநாள் பளபளப்பதில்லை. கேமரன் மலையின் மூடுபனி ஈரத்தைக் கொண்டு வந்து சேர்த்துவிடும். குத்துவிளக்கு மங்கும்போதெல்லாம் அம்மா புளியால் தேய்ப்பார். அந்த விளக்கின் அருகில்தான் அப்பாவின் டிரம்பெட் இருந்தது.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். இளமையில் தோட்டத்து வாத்தியக் குழுவில் அதை ஊதியவர். இப்போது அதன் பழைய பூச்சு உரிந்து, பித்தளை கருத்துப்போயிருந்தது. என் மகள் பள்ளி வாத்தியக் குழுவில் சேர்ந்ததும், "பேத்திக்கு இதையே கொடும்மா. ஆனா, முலாம் பூசிக் கொடு" என்றார்.

மூவரும் ஈப்போவில் முலாம் பூசும் கடை ஒன்றுக்குச் சென்றோம். கடைக்காரப் பெரியவர் பொறுமையாக விளக்கினார்.

"பித்தளையில செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கு. ஈரமும் வியர்வையும் பட்டா நிறம் மாறும். நிக்கல் முலாம் கடினமானது, சீக்கிரம் தேயாது. ஆனா, சிலருக்குத் தோல் அரிக்கும். வெள்ளி முலாம் உதட்டுக்கு நல்லது. காத்துல இருக்கிற கந்தகம் பட்டா கருக்கும், அவ்வளவுதான். வார்னிஷ் மாதிரி நிறமில்லாத பூச்சும் உண்டு. அது கைபடும் இடத்துல நாளடைவுல உரிஞ்சிடும்."

சில தோடுகளை அணிந்தாலே என் மகளுக்குக் காது அரிக்கும். அதனால் நிக்கல் வேண்டாம் என்றேன்.

"அப்படின்னா முழுக்க வெள்ளி" என்றார் அப்பா.

மகள் பெரியவரிடம், "ஐயா, முலாம் பூசுறதுக்கு முன்னால என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"பழைய பூச்சை எடுத்துட்டு, கீறல் மறையிற வரைக்கும் தேய்ப்போம். கீறல் இருந்தா முலாத்துக்கு மேலயும் தெரியும், பாப்பா."

அவள் டிரம்பெட்டின் விரிந்த முனையைத் திருப்பிக் காட்டினாள். அங்கே அப்பா ஆணியால் கீறிய அவருடைய பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் இருந்தன. "இதுவும் போயிடுமா?"

பெரியவர் தலையசைத்தார்.

"போனா போகட்டும். இனிமே இது உன்னோடது" என்றார் அப்பா. ஆனால், அவருடைய விரல் அந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்தது.

மகள் சற்று யோசித்தாள். "உதடு படுறது இந்தச் சின்னப் பகுதியிலதானே? இதைக் கழற்றி, இதுக்கு மட்டும் வெள்ளி பூசலாமா?"

"தாராளமா" என்று பெரியவர் சிரித்தார்.

எதைப் பூசுவது என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பூசுவதால் எது மறையும் என்று கேட்டவள் அவள்தான்.

சென்ற விடுமுறையில் திரிங்காப்பில் அவள் ஊதிப் பழகினாள். முடிந்ததும் மெல்லிய துணியால் கருவி முழுவதையும் துடைத்தாள்.

"முழுக்கப் பூசியிருந்தா இந்த வேலை மிச்சம்தானே?" என்றேன்.

"வெள்ளியும் கருக்கும்மா. எதுவா இருந்தாலும் துடைக்கணும்" என்றாள்.

அருகில் இருந்த அப்பா துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.