உள்ளங்கையளவு நிலம்

கரிசல் மண்ணின் குணம் அதில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். மழை பெய்தால் நீரைக் குடித்து உப்பும். கோடையில் காய்ந்து, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆண்டுதோறும் இப்படி விரிந்து சுருங்கும் மண்ணின்மேல் போட்ட சாலை மட்டும் எவ்வாறு சமமாய்க் கிடக்கும்? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துச் சிற்றூர்ச் சாலைகளில் செல்லும்போது இதை நாம் உடம்பாலேயே உணர்கிறோம். போதாதென்று, சாலையோரமெங்கும் சீமைக் கருவேலம். விறகு வண்டியிலிருந்து சிந்திய ஒரு முள் போதும், டயரைத் துளைப்பதற்கு.

எங்கள் வீட்டில் பழைய கார் ஒன்று உண்டு. வயது முதிர்ந்த அன்னையாரை மாதந்தோறும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கு மருத்துவம் பார்க்க அழைத்துச் செல்வது அதன் முதற்கடமை. அதன் அலாய் சக்கரங்கள் ஒளியிழந்து, விளிம்பெல்லாம் சிராய்ப்புற்று, வெண்புள்ளிகள் பூத்துக் கிடந்தன. டயர்களும் தேய்ந்திருந்தன. இரண்டையும் ஒருசேரச் செய்யக் கையிருப்பு இடம் தரவில்லை. பிள்ளைகள் சக்கரங்களின் பளபளப்பை நாடினர். அன்னையாரோ, "பார்க்கிறவனுக்கா வண்டி, ஏறுறவனுக்கா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

அலாய் சக்கரம் என்பது அலுமினியத்தோடு சிலிக்கானும் சிறிது மக்னீசியமும் கலந்து வார்க்கப்படுவது. மேற்பூச்சு கல்பட்டுப் பெயர்ந்தால் ஈரம் உள்ளே புகுந்து உலோகத்தை அரிக்கும். புதுப்பிக்கும் முறையும் எளிதன்று. டயரைக் கழற்றி, பழைய பூச்சை நீக்கி, மணலை வேகமாய்ப் பீய்ச்சித் தூய்மை செய்து, சிராய்ப்புகளைச் சமப்படுத்தி, வண்ணத்தூளைப் படியவைத்து அடுப்பில் சுட வேண்டும். சூடு மிஞ்சினால் உலோகத்தின் உறுதியே குறைந்துவிடும். டயர் வந்து அமரும் உள்விளிம்பில் அரிப்பு இருந்தால், முள் குத்தாமலே காற்று கசியும்.

பட்டறையில் டயர்களைக் கழற்றிய பிறகே மற்றொன்று தெரிந்தது. ஒரு சக்கரத்தின் உட்புற விளிம்பில் மயிரிழை போன்ற விரிசல். வெளியிலிருந்து எவர் கண்ணுக்கும் தெரியாத இடம். "பற்றவச்சுப் பூசிட்டா புதுசு மாதிரி ஆயிரும், அண்ணாச்சி" என்றார் பட்டறைக்காரர். புதிதுபோல் தோன்றும் என்பது உண்மையே. ஆனால் வெப்பத்தால் பதப்படுத்தி உறுதியாக்கப்பட்ட உலோகம், பற்றவைத்த இடத்தைச் சுற்றி மீண்டும் மென்மையாகிவிடும். பூச்சு விரிசலை மறைக்குமேயன்றி ஆற்றாது. அந்தச் சக்கரத்தை விலக்கி, அதே அளவில் வேறொன்று வாங்கினோம். வண்ணத்திற்கென ஒதுக்கிய பணம் அதற்கே சரியாயிற்று.

அடுத்து டயர். அதன் பக்கச்சுவரில் உள்ள எழுத்துகளை நாம் படிக்கப் பழக வேண்டும். எங்கள் டயரில் இருந்தது 185/65 ஆர்15 88எச். அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு. 'ஆர்' என்றால் ரேடியல். சக்கரத்தின் விட்டம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கும், 'எச்' என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை ஏற்றது என்பதற்கும் குறியீடுகள். தனியே பொறித்த நான்கு இலக்கங்கள் பிறந்த நாளைக் கூறும்: 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பர் முதுமை அடையும். ஆகவே தேதி பார்த்தே வாங்க வேண்டும். பள்ளங்களுக்கிடையே உள்ள சிறு மேட்டளவுக்கு, அதாவது 1.6 மில்லிமீட்டருக்கு, டயர் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்பதே சட்டம்.

சக்கரத்தையும் மாற்றி 16 அங்குலம் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்று கடையில் ஆசை காட்டினார்கள். 195/55 ஆர்16 பூட்டினால் மொத்த உயரம் ஏறக்குறைய மாறாது. ஆனால் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டரிலிருந்து 107ஆகக் குறைந்துவிடும். கரிசல் சாலையின் குழியில் இறங்கும்போது அடியை ஏற்பது அந்த ரப்பர்ச் சுவர்தான். அழகுக்காக 13 மில்லிமீட்டர் பொறுமையை இழக்க எங்களுக்கு மனமில்லை. பழைய அளவிலேயே நான்கும் வாங்கினோம்.

டியூப் இல்லாத டயரில் முள் ஏறினால் காற்று உடனே இறங்காது, மெல்லக் குறையும். குறைந்த காற்றோடு கோடைவெயிலில் நாற்கரச் சாலையில் விரைந்தால் டயர் நெளிந்து நெளிந்து சூடேறி வெடிக்கும். ஆதலால் வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன் காற்றழுத்தம் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று. பக்கச்சுவரில் முள் தைத்தால் ஒட்டுப்போட்டு ஓட்டுவதில்லை என்பதும் முடிவு.

மாட்டு வண்டிக் காலத்தில் நம் முன்னோர் இரும்புப் பட்டையைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, மரச்சக்கரத்தில் ஏற்றி, நீர் ஊற்றி இறுக்கினார்கள். மாட்டின் கொம்புக்கு வண்ணம் தீட்டியது பொங்கலுக்குத்தான். பட்டை தளர்ந்தால் அன்றைக்கே கொல்லரிடம் போனார்கள். எதற்கு அவசரம், எதற்குப் பொறுமை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஓடும் கார் ஒவ்வொரு டயரின் வழியாகவும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவு நிலத்தையே தொடுகிறது. வளைவில் திரும்புவதும், குறுக்கே ஆடு வந்தால் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளால்தான். ஊரார் காண்பது சக்கரத்தின் பளபளப்பை. உள்ளே அமர்ந்திருப்பவர்களின் உயிரோ, எவரும் குனிந்து பார்க்காத அந்த இடத்தில் இருக்கிறது.