வேசோன்-லா-ரொமேன்: சைக்கிளில் சுற்ற வேண்டிய ரோமானிய ஊர்

தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில், வோக்லூஸ் மாவட்டத்தின் வடகோடியில், ஊவேஸ் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்திருக்கிறது வேசோன்-லா-ரொமேன். ஏறக்குறைய ஆறாயிரம் பேர் வாழும் சிற்றூர். பயணிகள் ரயில் இங்கே வராது. ஒராஞ்ச் நகரில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். அப்படியிருந்தும் வசந்த காலத்தில் காலை ஏழு மணிக்கே ஊர்ச் சதுக்கத்துக் காப்பிக் கடைகளின் முன்னால் ரோடு சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். தென்கிழக்கே மோன் வாந்தூ மலை. தெற்கே, பல் பல்லாக வானத்தை நோக்கி நிற்கும் தாந்தெல் சுண்ணாம்புப் பாறைகள். இடையில் எங்கும் திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் ஏறி இறங்கும் ஊர்ச் சாலைகளும்.

இந்த ஊருக்கு இரண்டு வகையான விருந்தாளிகள் வருகிறார்கள். பேருந்தில் வந்து இடிபாடுகளைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புவோர் ஒரு வகை. மலையேற மட்டும் வந்து, இடிபாடுகளின் வேலியைத் தாண்டிக்கூடப் பார்க்காத சைக்கிள்காரர்கள் இன்னொரு வகை. இரு சாராரும் பாதி ஊரைத்தான் பார்க்கிறார்கள். ரோமானியர் காலத்தில் இந்த நகருக்குத் தண்ணீர் கொடுத்தது மலை. சோறு போட்டது சுற்றியுள்ள சரிவு நிலம். அந்த உறவை உடம்பால் உணர்ந்து தெரிந்துகொள்ள சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் கிடையாது.

வொகோன்ட்டி மக்களின் தலைநகர்

ரோமானியர் வருவதற்கு முன்பே இது வொகோன்ட்டி என்ற கெல்ட்டிய இனக்குழுவின் ஊர். ரோம் இப்பகுதியைக் கைப்பற்றிய பிறகும் அவர்களை நேச நாடாக மதித்து, தங்கள் வழக்கப்படி வாழ விட்டுவைத்தது. அதனால் வாசியோ என்ற இந்த நகர், படைவீரர்களைக் குடியமர்த்தக் கட்டம் போட்டுக் கட்டிய புது நகராக இல்லாமல், மெல்ல மெல்லத் தானாகவே ரோமானிய நகராக மாறியது. முதலாம் நூற்றாண்டுப் புவியியலாளர் பொம்போனியஸ் மேலா, தென் ‘கால்’ (Gaul) நாட்டின் செழிப்பான நகரங்களில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டிருக்கிறார். நீரோ மன்னனுக்கு செனெக்காவோடு சேர்ந்து வழிகாட்டிய மெய்க்காவல் படைத் தலைவர் செக்ஸ்துஸ் அஃப்ரானியஸ் புர்ருஸின் பெயர் பொறித்த கல்வெட்டு இங்கேதான் கிடைத்தது.

தமிழ் வாசகருக்கு இந்த நிலத்தோடு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. கொங்கு மண்டலத்தில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துத் தெனாரியஸ் காசுகள் மிகுதி. அவற்றில் பெரும்பாலானவை இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லியோன் நகரின் அக்கசாலையில் அடிக்கப்பட்ட வகைகள். லியோனிலிருந்து ரோன் ஆற்றை ஒட்டித் தெற்கே வந்த ரோமானியப் பெருவழி, ஒராஞ்ச் வழியாகத்தான் ஆர்ல் நகரை நோக்கிச் சென்றது.

மண்ணுக்குள்ளிருந்து வந்த நகர்

1907-இல் ஜோசப் சோத்தெல் என்ற பாதிரியார் இங்கே அகழாய்வைத் தொடங்கினார். 1955-இல் இறக்கும்வரை அதே வேலையாக இருந்தார். அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த புகையிலைத் தொழிலதிபர் மொரிஸ் பூரூஸ் அவருக்குப் பணம் கொடுத்து உதவினார். ‘ரோமானிய’ என்ற அடைமொழி ஊர்ப்பெயரோடு சேர்ந்ததும் இந்த அகழாய்வுக் காலத்தில், 1924-இல்தான்.

இன்று புய்மேன், வில்லாஸ் என்ற இரு பகுதிகளில் 15 ஹெக்டேர் அளவுக்கு ரோமானிய நகர் திறந்து கிடக்கிறது. பிற ஊர்களில் கோயிலும் அரங்கமும் எஞ்சியிருக்கும். இங்கே மக்கள் வாழ்ந்த வீடுகளும் நடந்த தெருக்களும் எஞ்சியிருக்கின்றன. வில்லாஸ் பகுதியில் கல் பாவிய தெரு, அதன் ஓரம் கடைகள், பின்னால் பெரிய வீடுகள். வெள்ளி மார்பளவுச் சிலை கிடைத்த வீடு ஒன்று மட்டுமே ஏறத்தாழ 5,000 சதுர மீட்டர் பரப்பு. முற்றங்கள், தோட்டம், தண்ணீர்த் தொட்டி, தனிக் குளியலறைகள் எல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தன. புய்மேன் குன்றின் மறுபக்கச் சரிவில் குடைந்த அரங்கில் இன்றும் கோடைக்கால நடன விழா நடக்கிறது. அந்த அரங்கில் தோண்டியெடுத்த கிளாடியஸ், டொமிஷியன், ஹேட்ரியன், சபினா ஆகியோரின் பளிங்குச் சிலைகள் குன்றின் மேலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் 1862-இல் கிடைத்த மிகச் சிறந்த சிலையான, தலையில் வெற்றிப் பட்டை கட்டும் இளைஞன், 1870-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

நகரின் மையச் சதுக்கமான ஃபோரம் இன்றைய ஊருக்கு அடியில் இருப்பதால் அதைத் தோண்ட முடியவில்லை. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ஒலிவக்காயும் பாலாடைக்கட்டியும் வாங்கும் கூட்டம் ரோமானிய நகரின் தலைமேல்தான் நடக்கிறது.

பாலம்

ஊவேஸ் ஆற்றின் மேல் முதலாம் நூற்றாண்டில் கட்டிய பாலம் ஊரின் உயிர்நாடி. இரு பக்கப் பாறைகளையும் பிடித்துக்கொண்டு 17 மீட்டர் அகலத்தை ஒரே வளைவில் தாண்டுகிறது. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வைத்த வெடியையும் தாங்கியது. 1992 செப்டம்பர் 22 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய பேய்மழையில் ஊவேஸ் பாலத்துக்கு மேலேயே பாய்ந்தது. ஆற்றோரம் கட்டியிருந்த வீடுகளும் முகாம்களும் அடித்துச் செல்லப்பட்டன. இந்த ஊரில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவர் போனது. வளைவு அசையவில்லை.

எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதை அந்தப் பழைய பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள். ஆறு குறுகி, பாறை கெட்டியாக இருக்கும் ஒரே இடத்தைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பாலத்தைக் கடந்தால் இடைக்கால மேட்டூர் தொடங்குகிறது. போர்க் காலங்களில் மக்கள் தாழ்ந்த நகரை விட்டுப் பாறைமேல் ஏறிக் குடியிருந்தார்கள். துலூஸ் பிரபுக்களின் கோட்டை அதன் உச்சியில் நிற்கிறது. அங்கே தெருக்களில் பாவிய கூழாங்கற்கள் மெல்லிய டயருக்கு ஆகாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

தாந்தெல் சுற்று

முதலில் ஓட்ட வேண்டிய பாதை தாந்தெல் பாறைகளைச் சுற்றிவருவது. 60 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். குன்றுச்சி ஊரான கிரெஸ்தேயைப் பார்த்தபடி மலோசேன் செல்லலாம். அங்கிருந்து ஷேன் கணவாய் ஏறி சுசெத், பிறகு இறக்கத்தில் போம்-த-வெனிஸ். திரும்பும் வழியில் வாக்கெராஸ், ஜிகொந்தாஸ், சப்லே, செகுரே என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்கள். ஒயின் குடிப்போர் இந்தப் பெயர்களைப் புட்டிகளில் படித்திருப்பார்கள்; இங்கே அவை வழிகாட்டிப் பலகைகளில் வரும். ஏற்றங்கள் நீளமானவை அல்ல. ஆனால் சமதளம் என்று சொல்லக் கொஞ்ச தூரமே கிடைக்கும். கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் காற்றைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்ட்ரால் என்ற வாடைக்காற்று சில சமயம் நாள் கணக்கில் வீசும். பழைய பண்ணை வீடுகளின் வடக்குச் சுவரில் சன்னல் வைக்காததும், வயலோரத்தில் சைப்ரஸ் மரங்களைச் சுவர்போல் நட்டிருப்பதும் அதற்காகத்தான். அந்தக் காற்று அடிக்கும் நாளில் சுற்றைத் திருப்பிப் போட்டு, திறந்த வெளியான மேற்குப் பக்கத்தில் காற்று முதுகில் இருக்கத் தெற்கே போய், குன்றுகளின் மறைவில் மலோசேன் வழியாகத் திரும்ப வேண்டும்.

தண்ணீரும் மலையும்

மலோசேன் ஊரைத் தாண்டி வாந்தூ ஏற்றம் தொடங்கும் இடத்தில் பாறைக்கடியிலிருந்து குரோசோ ஊற்று பொங்கி வருகிறது. வாந்தூவின் சுண்ணாம்புப் பாறை உறிஞ்சிய மழையும் பனியும் இங்கே வெளிவருகின்றன. ரோமானியர் இதைக் கால்வாய் கட்டி வாசியோ நகருக்குக் கொண்டுபோனார்கள். வில்லாஸ் வீட்டின் குளியலறையைப் பார்த்துவிட்டு, அங்கே நிரம்பிய தண்ணீர் வந்த வழியே பத்துக் கிலோமீட்டர் ஓட்டி ஊற்றங்கரையில் இறங்கி நிற்கும்போது, நகரும் மலையும் ஒரே அமைப்பு என்பது புரியும். 1336 ஏப்ரலில் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் தம் தம்பியோடு வாந்தூ ஏறக் கிளம்பியதும் மலோசேனிலிருந்துதான்.

வாந்தூவின் உச்சி 1,900 மீட்டருக்குச் சற்று மேலே. மூன்று தார்ச் சாலைகள் ஏறுகின்றன. மலோசேன், பெதுவான் பாதைகள் இரண்டுமே ஏறத்தாழ 21 கிலோமீட்டர். பெதுவான் பாதையில் சராசரியாக நூறு மீட்டருக்கு ஏழரை மீட்டர் உயரம் ஏற வேண்டும். நடுவில் காட்டுக்குள் ஒன்பதைத் தாண்டும். சோ ஊரிலிருந்து வரும் 26 கிலோமீட்டர் பாதை இவற்றைவிட இதமானது. பெதுவான், சோ பாதைகளின் கடைசி ஆறு கிலோமீட்டரில் மரம் இல்லை, நிழல் இல்லை, வெளுத்த கற்கள் மட்டும்தான். தூர் த ஃபிரான்ஸ் பந்தயம் 1951-இல் முதன்முதலாக இந்த மலையைக் கடந்தது. 1967 ஜூலை 13 அன்று, முன்னாள் உலகச் சாம்பியனான பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்சன் உச்சிக்குச் சற்றுக் கீழே சுருண்டு விழுந்து இறந்தார். கடும் வெயிலோடு ஊக்க மருந்தும் சேர்ந்து அவர் உயிரைக் குடித்தது. அவருடைய நினைவுக் கல்லருகே சைக்கிள்காரர்கள் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

வருவோருக்கு

ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் உகந்தவை. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் விடியலிலேயே கிளம்பிவிட வேண்டும். குளிர்காலத்தில் வாந்தூ உச்சிச் சாலையைப் பனி மூடிவிடும். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வாகனம் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். ஊர்க் குழாய்களில் புட்டியை நிரப்பும் முன், குடிக்கத் தகாத நீர் என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் இல்லாமல் இங்கே வராதீர்கள். முதல் நாள் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு இடிபாடுகளையும் பாலத்தையும் கால்நடையாகப் பாருங்கள். இரண்டாம் நாள் தாந்தெல் சுற்று. மூன்றாம் நாள் குரோசோ ஊற்று, உடம்பு ஒத்துழைத்தால் அதற்கு மேலே உச்சி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்: தண்ணீர் எங்கே போயிற்று என்று தெரிந்த பிறகு அது வரும் மலையை ஏறுங்கள். உச்சியை எட்டாமல் பாதியில் திரும்பினாலும் ஊரை முழுதாகப் பார்த்தவர் நீங்கள்தான்.