மஹியங்கனை தாண்டும் சோறு

சாய்ந்தமருது. அஸர் தொழுது முடிந்த நேரம். குசினி ஜன்னலால் கடற்காற்று வருகிறது. அடுப்புச் சுவாலை சரிகிறது, மறுபடி நிமிர்கிறது.

உம்மா வாழையிலையை நெருப்புக்கு மேலே பிடிக்கிறார். பச்சை கறுக்கிறது. இலை ஒருமுறை மினுங்கித் தளர்கிறது. எடுத்து மடித்துப் பார்க்கிறார். கிழியவில்லை. ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைத்து வைக்கிறார். அடுத்த இலை.

வாப்பாவுக்கு நாளைக் காலை கொழும்புக் கண்ணாஸ்பத்திரியில் கிளினிக். பஸ் இரவு எட்டரைக்கு. ஊரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். வாப்பாவுக்குச் சீனி வருத்தம்.

சஹன் தட்டில் சிவப்பரிசிச் சோறு பரத்திக் கிடக்கிறது. மேலே ஃபேன் சுற்றுகிறது. மகள் பொதி கட்டக் கை நீட்டுகிறாள். உம்மா புறங்கையைச் சோற்றில் வைத்துப் பார்க்கிறார்.

"இன்னும் சூடு."

சூட்டோடு கட்டினால் இலைக்குள் வேர்க்கும். வேர்த்த சோறு கெதியாகப் பழுதாகும். மகள் கையை எடுக்கிறாள்.

அடுப்பில் கத்தரிக்காய்ப் பால்கறி கொதிக்கிறது. அது வீட்டில் நிற்பவர்களுக்கு. மகள் ஒரு கரண்டி அள்ளுகிறாள்.

"பால்கறி போடாத மகள். மஹியங்கனை தாண்ட முன்னம் புளிச்சிரும்."

கரண்டி சட்டிக்குத் திரும்புகிறது.

பொதிக்குப் போகும் கறிகள் வேறு. பாரை மீன் துண்டுகள், மஞ்சளும் மிளகும் உப்பும் தடவி, ஈரம் வற்றும் வரை பொரித்தவை. முருங்கையிலைச் சுண்டல், தேங்காய்ப்பூ இல்லாமல். கட்டச்சம்பல்: இடித்த மிளகாய், வெங்காயம், தேசிக்காய்ப் புளி. தேங்காய் சேர்ந்த எதற்கும் இந்தப் பயணத்தில் இடமில்லை.

சோறு ஆறிவிட்டது. இரண்டு கை அளவு இலையின் நடுவில். ஒரு பக்கம் சுண்டல், மறுபக்கம் மீன், ஓரத்தில் நகக்கண் அளவு சம்பல். உம்மா ஒரு பிடி சோற்றைத் திரும்ப எடுக்கிறார். அந்த இடத்தில் இன்னொரு பிடி சுண்டல். இலையின் நான்கு பக்கமும் உள்ளே மடிகின்றன. மேலே பழைய தினசரி. அதற்கு மேலே நூல், குறுக்காக ஒன்று, நெடுக்காக ஒன்று.

பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு நாட்டில் தடை வந்தது 2017 செப்டம்பரில். இந்தக் குசினியில் அன்று எதுவும் மாறவில்லை. வாழை கிணற்றடியில் நிற்கிறது.

சோறு இரவுக்கு. காலைக்குக் குரக்கன் ரொட்டி, கோது உரிக்காத அவித்த முட்டை இரண்டு. வெறும் தண்ணீர் ஒரு போத்தல். மெற்போமின் குளிசை ஒரு சிறு டப்பாவில். மகள் கிரீம் பிஸ்கட் பைக்கற் ஒன்றைப் பையின் ஓரத்தில் செருகுகிறாள். உம்மா அதை எடுத்துப் பேரனிடம் கொடுக்கிறார். அதே இடத்தில் வறுத்த கடலைப் பொட்டலம் ஏறுகிறது. வாப்பா கதவு நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை.

இஷா முடிந்த பிறகு கல்முனை மெயின் ரோடு. புடவைக் கடைகளில் பாதி வெளிச்சம். கோழி பொரிக்கும் கடையில் முழு வெளிச்சம். அதன் கண்ணாடிக்கு முன்னால் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறார்கள். மாவில் புரட்டிய துண்டுகள் எண்ணெயில் சீறுகின்றன. வாசம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வருகிறது.

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களின் காலடியில் பைகள். மருதமுனைச் சாறன் வியாபாரி இரண்டு பெரிய கட்டுகளோடு நிற்கிறார். புறக்கோட்டைக் கடைகளுக்குப் போகிற நெசவு. கட்டுக்கு மேலே ஒரு டிஃபன் கரியர், கைப்பிடியில் துணி சுற்றியது. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் மாணவியின் கையில் ஹோர்லிக்ஸ் போத்தல். உள்ளே மாசிச் சம்பல். போத்தலை அவள் பெட்டிக்குள் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொள்ள இருக்கிறாள். கடைசியாக ஓடிவரும் பையனிடம் தோள்பை மட்டும். அதில் சாப்பாடு இருப்பதாகத் தெரியவில்லை.

பஸ் காரைதீவுச் சந்தியில் திரும்புகிறது. சம்மாந்துறை வயல்கள் இருட்டில் கடந்து போகின்றன. அம்பாறை மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியதும் உம்மா பையைத் திறக்கிறார்.

"இப்பவே சாப்பிடுங்க. வளைவு வர முன்னம்."

தொலைபேசி வெளிச்சத்தில் நூல் அவிழ்கிறது. வாட்டிய இலையின் மணம் இரண்டு ஆசனம் தள்ளிப் போகிறது. முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். வாப்பா பிஸ்மில்லாச் சொல்லிச் சோற்றைப் பிசைகிறார். பஸ் குலுங்குகிறது. ஒரு பருக்கையும் கீழே விழவில்லை. மீன் முள்ளை இலையின் விளிம்பில் வரிசையாக வைக்கிறார். குளிசை, தண்ணீர். உம்மா தன் பொதியைப் பிறகுதான் அவிழ்க்கிறார்.

பஸ் நிற்கிறது. மஹியங்கனைக்கு இப்பால் ஒரு ஹோட்டல். ட்யூப் லைட்டைச் சுற்றிப் பூச்சிகள். கொத்துத் தகடு அடிபடுகிறது. தூங்கியவர்கள் அந்தச் சத்தத்தில் எழும்புகிறார்கள். நடத்துநர் 15 நிமிடம் என்கிறார். சாரதிக்கும் நடத்துநருக்கும் உள்ளே தனி மேசை.

கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்ப். கீழே ரோல்ஸ், கட்லட், மீன் பணிஸ். அவை எப்போது பொரிக்கப்பட்டவை என்பதைப் பெட்டி சொல்வதில்லை. அடியில் விரித்த தாள் எண்ணெயில் கண்ணாடி போலாகியிருக்கிறது.

குளிர்சாதனப் பெட்டியில் குளிர்பான வரிசை. போத்தல்களில் நிற அடையாளம் உண்டு, 2016இல் சட்டமானது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு. தோள்பைப் பையன் ஒன்றை எடுக்கிறான். அவனது பெருவிரல் அந்த அடையாளத்தின் மேலேயே இருக்கிறது. மேசையில் கோழிக் கொத்து வந்து இறங்குகிறது. ஆவி பறக்கிறது. அவன் பசியோடு சாப்பிடுகிறான். காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிடவில்லை என்பது அந்த வேகத்தில் தெரிகிறது.

சாறன் வியாபாரி கடைக்குள் மேசை கேட்கவில்லை. பஸ்ஸின் படியிலேயே அமர்ந்து கரியரைத் திறக்கிறார். மேல்தட்டில் இடியப்பம். கீழ்த்தட்டில் அவித்த கௌபி. கடைக்காரரிடம் ஒரு தேத்தண்ணி மட்டும் வாங்குகிறார்.

வாப்பா இறங்கியிருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறார். கைகளைப் பின்னால் கட்டியிருக்கிறார். ரோல்ஸ் ஒன்றின் விலையைக் கேட்கிறார். பஸ் ஜன்னலில் உம்மாவின் முக்காடு தெரிகிறது. உம்மா கூப்பிடவில்லை. வாப்பா பிளேன்டீ கேட்கிறார். "சீனி இல்லாம," என்கிறார். கடைப் பையன் அதற்குள் சீனி போட்டுவிட்டான். கோப்பையைக் கழுவி மறுபடி ஊற்றுகிறான். வாப்பா நின்றபடியே குடித்து முடிக்கிறார்.

மஹியங்கனைக்குப் பிறகு ஏற்றம். பதினெட்டு வளைவு. பஸ் முதல் கியரில் முனகுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் தலைகள் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போகின்றன. நடத்துநர் பொலித்தீன் பைகளோடு பின்பக்கம் வருகிறார். முதல் பை தோள்பைப் பையனுக்கு. இரண்டாவதும் அவனுக்கு. உம்மா பைக்குள் துழாவி ஒரு தேசிக்காயை எடுக்கிறார். நகத்தால் தோலைக் கீறி நீட்டுகிறார்.

"மணந்துக்க மனே."

அவன் அதை மூக்கோடு வைத்துக் கண்ணை மூடுகிறான்.

பேராதனையில் மாணவி இறங்குகிறாள். போத்தல் மூடியை ஒருமுறை இறுக்கிக்கொள்கிறாள்.

விடிந்த பிறகு கொழும்பு. கண்ணாஸ்பத்திரி வாசலில் வரிசை ஏற்கனவே நீண்டிருக்கிறது. கையில் கிளினிக் கொப்பி. நடைபாதையில் பாண், பணிஸ், பால்தேத்தண்ணி விற்கிறார்கள். உம்மா வாங்கில் ஓர் இடம் பிடித்து ரொட்டியை நான்காக மடிக்கிறார். முட்டையின் கோதை இலைத்துண்டுக்குள் உரித்துப் போடுகிறார். பக்கத்துச் சிங்களப் பெண்ணின் மடியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. இருவரும் ஒருவர் பொதியை மற்றவர் பார்க்கிறார்கள். குரக்கன் ரொட்டி ஒன்று அங்கே போகிறது. கிழங்குத் துண்டு ஒன்று இங்கே வருகிறது. உம்மா அதில் பாதியைத்தான் வாப்பாவுக்குக் கொடுக்கிறார்.

டாக்டரைப் பார்த்து, மருந்து எடுத்து, லுஹரும் தொழுது புறக்கோட்டைக்கு வரும்போது பகல் சாய்கிறது. பை காலி. ஊர் பஸ் இரவில். இங்கே அடுப்பு இல்லை, கிணற்றடி வாழையும் இல்லை. வழியில் பஸ் மறுபடி அதே ஹோட்டலில் நிற்கும்.

உம்மா நடைபாதைக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நடக்கிறார். வாப்பா இரண்டடி பின்னால். கடலை வண்டியில் உம்மா மிளகாயும் எண்ணெயும் சேர்க்காத அவித்த கடலை கேட்கிறார். வண்டிக்காரர் அடிச்சட்டியைத் திறந்து அள்ளுகிறார். அடுத்த கடையில் வெள்ளரிக்காய் இரண்டு, முற்றாதது. அதற்கடுத்த பெட்டியில் கொய்யாப்பழம். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறார். கனிந்ததைத் திரும்ப வைத்துவிட்டுச் செங்காயாக நான்கு எடுக்கிறார்.

கடைக்காரர் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த சிறு பொட்டலத்தை மேலே வைக்கிறார். உம்மா அதை எடுத்து அவர் பக்கம் தள்ளிவிட்டு, காசை எண்ணத் தொடங்குகிறார்.