படு

திருப்பருத்திக்குன்றத்துக்கு ரயில் கிடையாது. வேகவதியைத் தாண்டி, பிள்ளையார்பாளையத்தின் தறிச் சத்தத்தைத் தாண்டி, காஞ்சிபுரம் ஸ்டேஷனுக்கு வந்தால்தான் உண்டு. எங்கள் பக்கத்தில் சாயங்கால வண்டியை 'திருமால்பூர் வண்டி' என்றுதான் சொல்வார்கள். காஞ்சிபுரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் அது. வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயரும் அதுதான். 2018 ஜூலை 24, செவ்வாய்க்கிழமை காலை அம்மா போன் செய்தாள். "திருமால்பூர் வண்டியாமே, நீ எங்கடா இருக்கே?" நான் கிளையில், கௌண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வார நாட்களில் சைதாப்பேட்டையில் அறை, வெள்ளிக்கிழமை மாலை மாம்பலத்தில் ஏறி ஊர் என்று போய்க்கொண்டிருந்த காலம். செவ்வாய்க்கிழமை காலை அந்த வண்டியில் எனக்கு வேலையில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

கோடம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் இடையில் மின்கம்பி அறுந்தது. மின்சார ரயில்களின் பாதை அடைபட்டது. கடற்கரையிலிருந்து திருமால்பூர் போகும் விரைவு வண்டி, வெளியூர் ரயில்கள் ஓடும் பாதைக்கு மாறியது. மெதுவண்டிகளுக்குக் காத்திருந்து சலித்த கூட்டமும் அதில்தான் ஏறியது. பரங்கிமலை ஸ்டேஷனில் அந்தப் பாதைக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஒரு கான்கிரீட் சுவர். படியில் தொங்கியவர்கள் அதில் மோதினார்கள். நால்வர் உடனே இறந்தார்கள். எண்ணிக்கை பிறகு கூடியது. முந்தைய நாள் இரவே அதே இடத்தருகில் இருவர் இறந்திருந்தார்கள்.

படியில் நிற்பவனைப் பற்றி, படியில் நின்றிராதவர்கள் நிறையச் சொல்கிறார்கள். சாகசம், திமிர், சினிமா. நான் வெள்ளிக்கிழமைகளில் நின்றிருக்கிறேன். உள்ளே இடம் இருந்து நின்றதும் உண்டு, அதை மறைப்பானேன். எந்த வளைவில் எந்தக் கம்பம் எவ்வளவு அருகில் வரும், எங்கே தோளை உள்ளே இழுக்க வேண்டும் என்பதெல்லாம் சில மாதங்களில் உடம்புக்கு மனப்பாடமாகிவிடும். ஆனால் அது ஒரு பாதையின் மனப்பாடம். அன்று பாதை மாறியது. தொங்கியவர்களின் உடம்பு பழைய பாதையிலேயே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பத்திரிகைகளைக் கிளையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அதிகாரிகள் தரப்பில் வந்த வாக்கியங்களின் அமைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. நான் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. மூன்று வருஷம் ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றி மார்க் வாங்கியவன். இந்த மாதிரிச் சமாசாரம் என் கண்ணில் படாமல் போகாது. வண்டி மாற்றுப் பாதையில் திருப்பி விடப்பட்டது. சேவைகள் ரத்து செய்யப்பட்டன. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது. இவ்வளவிலும் எழுவாய் இல்லை. எழுவாய் ஒரே ஒரு இடத்தில் வந்தது: பயணிகள் படிக்கட்டில் தொங்கினார்கள். அன்று அந்தத் தண்டவாளத்தின் மீது நடந்த எல்லாக் காரியங்களிலும் செய்வினைக்கு உரியவர்கள் செத்துப் போனவர்கள் மட்டுமே.

ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில் செயப்பாட்டு வினையை முடிந்தவரை ஒதுக்கச் சொன்னார். நம்மிடையே அதைச் சொன்னால், இது ஆங்கிலத்திலிருந்து வந்த நோய், நல்ல தமிழில் இல்லை என்று ஆரம்பித்துவிடுவார்கள். தமிழிலும் பழைய காலம் தொட்டே இருக்கிறது. வெள்ளைக்காரன் மேல் போட வேண்டியதில்லை. எனக்கு விசேஷமாகத் தோன்றுவது வேறு. தமிழில் இந்த வினை 'படு' என்பதில் முடிகிறது. படு என்றால் அனுபவித்தல், வலியைத் தாங்குதல். வண்டி திருப்பி விடப்பட்டது. பயணிகள் அடிபட்டார்கள். இரண்டிலும் அதே படுதான். முதல் வாக்கியத்தில் யாரும் எதையும் படவில்லை. (மேலே நானே 'பாதை அடைபட்டது' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். வங்கிக் குமாஸ்தாவின் கை. 'தங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்று ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எழுதுகிறேன்!)

சட்டத்தின் பாஷை இதைவிடச் சுவாரசியம். ரயில்வே சட்டத்தின் 156ஆம் பிரிவுப்படி, எச்சரித்த பிறகும் படியில் பயணம் செய்கிறவனுக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐநூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தின் 124-ஏ, வண்டியிலிருந்து தவறி விழுந்த பயணிக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்கிறது. 2017 முதல் உயிருக்கு எட்டு லட்சம். பரங்கிமலைக்கு இரண்டு மாதம் முன்புதான், 2018 மே மாதம், ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், பயணியின் கவனக் குறைவை அவன் தனக்குத்தானே விளைவித்துக்கொண்ட காயமாகக் கருத முடியாது என்றது. ஆக, விழும்வரை குற்றவாளி, விழுந்தபின் பயணி.

விபத்தை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறவர். 1941இல் ரயில்வேயிடமிருந்து அந்தப் பொறுப்பைப் பிரித்து வைத்தார்கள். ரயிலை ஓட்டுகிறவனே ரயிலை விசாரிக்கக் கூடாது என்ற நியாயமான எண்ணம். ஆனால் பிளாட்பாரத்தில் நிற்கும் காக்கியில் இரண்டு வகை உண்டு. பாதுகாப்புப் படை மத்திய ரயில்வே அமைச்சகத்துடையது. ரயில்வே போலீஸ் மாநில அரசுடையது. எது யாரிடம் போக வேண்டும் என்பதை அடிபட்டவன் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கோயிலில் சங்கீத மண்டபம் இருக்கிறது. விதானத்து ஓவியங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். விஜயநகர அமைச்சன் இருகப்பன் தன் குரு புஷ்பசேனரின் சொல்படி 1387-88இல் கட்டினான் என்பது கல்வெட்டுச் செய்தி. யார் சொன்னார், யார் கட்டினார், இரண்டுக்கும் பதில் இருக்கிறது. பெருமைக்குரிய காரியத்தில் பெயர் போடுவது சுலபம்தான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், பரங்கிமலைச் சுவரை நினைத்துக்கொண்டு அந்த மண்டபத்தில் உட்காரும்போது இந்த வித்தியாசம் உறுத்துகிறது.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன அருகதை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அடுத்த வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வாசலில் எனக்கு முன்னால் பிள்ளையார்பாளையத்துப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அப்பா இன்னும் தறிக்குழியில் கால் விட்டு உட்காருகிறவர். பையனுக்குத் தறி வேண்டாம், கிண்டியில் ஏதோ கம்பெனி. வண்டி வேகம் குறைந்த ஓரிடத்தில், தண்டவாளத்தோரம் நின்றவன் கழியால் அவன் மணிக்கட்டில் அடித்தான். போன் பறந்தது. பையனின் ஒரு கால் படியை விட்டு நழுவியது. நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். அது கிழியாமல் இருந்தது அதிர்ஷ்டம். அடித்தவன் முகத்தை இருவரும் பார்த்தோம்.

வழியில் ஒரு ஸ்டேஷனில் இறங்கினோம். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். முதல் அறையில் இது எங்களுடையது அல்ல என்றார்கள். இரண்டாவது அறையில் இருந்தவர் கெட்டவர் இல்லை. பையனுக்குத் தண்ணீர் கொடுத்தார். வீங்கிய மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "படியில நின்னேன்னு எழுதினா முதல்ல உன் மேலதாம்பா கேஸ். டூப்ளிகேட் சிம்முக்கு ரசீதுதானே வேணும்? தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு." என்னைப் பார்த்து, "சார் படிச்சவரா இருக்கார், எழுதிக் குடுங்க சார்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கடைசி வண்டியும் போய்விடுமோ என்ற கவலை. காஞ்சிபுரத்தில் இறங்கினால் அந்த நேரத்துக்கு ஊருக்குப் பஸ் இருக்காது, ஆற்றைத் தாண்டி நடக்க வேண்டும். காரணங்கள் இருந்தன. 'மேற்படி ரயிலில் பயணம் செய்தபோது எனது கைபேசி எதிர்பாராத விதமாகத் தவறவிடப்பட்டது.' ஒரு திருத்தம்கூட இல்லாமல் வந்தது அந்த வாக்கியம். கழி இல்லை, கை இல்லை, முகம் இல்லை. பையன் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தரம் படித்தான்.

"அண்ணா, அவன் அடிச்சது இதுல எங்க இருக்கு?"

வண்டி வரும் சத்தம் கேட்டது. போடு, போடு என்றேன்.